ஏணி இறக்கும்வரை

கீழே கால்வாய்ப் பக்கம் கப்பல் ஊதியது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. கப்பலுக்கு வழிவிட மேலே தூக்கும் பாலமும் அதே மாதிரி திருப்பி ஊதியது. நான் காப்பிக் கோப்பையின் மூடியைத் திறந்துகொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து ரெய்னோ காங்காஸ் வலது காலைத் தூக்கிக் கட்டில் கம்பிக்கு மேலே போட்டார். எண்பத்துநாலு வயசு, இடுப்பில் புது மூட்டு வைத்து மூன்று நாள்கூட முழுசாக ஆகவில்லை. ஆனாலும் அந்தக் கால் அத்தனை வேகமாக வந்தது. பாதிக் காப்பியை மடியில் கொட்டிக்கொண்டு இரண்டே எட்டில் போய் அவர் தோளில் ஒரு கையும் முழங்காலில் ஒரு கையும் வைத்தேன். அதற்குள் படுக்கைக்கு அடியில் இருக்கும் அலாரம் கத்த ஆரம்பித்துவிட்டது.

"வாட்ச்மேன், வழிய விடு. கப்பல் வந்தாச்சு. நாலு மணி நேரம்தான் லீவு குடுத்திருக்கான்."

"எங்க போறீங்க?"

"எங்கயா? ஹெல்மி வந்து நிப்பாய்யா, இந்தக் குளிர்ல."

ஹெல்மி அம்மாள் அவருக்கு நேர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து ஏலக்காய் ரொட்டியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தாமல், "நான் இங்கதான இருக்கேன், ரெய்னோ" என்றாள். அவர் அவளை மரியாதையாகப் பார்த்தார். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்க்கிற மரியாதை அது. பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தணித்து, "இந்த அம்மாவுக்கு யாராவது காப்பி குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

என் வேலைக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் சிட்டர் என்று பெயர். உட்கார்ந்திருப்பவள், அவ்வளவுதான். ஊசி போட மாட்டேன், மாத்திரை கொடுக்க மாட்டேன். அறுவைக்குப் பிறகு புத்தி தடுமாறி எழுந்து நடக்கப் பார்க்கிற நோயாளிகளின் பக்கத்தில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து, அவர்கள் விழாமல் பார்த்துக்கொள்வேன். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் நின்றே தேய்ந்தவளுக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்ததே என்று முதலில் சந்தோஷப்பட்டேன். ஒரே வாரத்தில் அது தெளிந்துவிட்டது. புத்தகம் படிக்கக் கூடாது, போனைத் தொடக் கூடாது, கண் அசரக் கூடாது. நோயாளியின் காலில் மஞ்சள் காலுறை, மணிக்கட்டில் மஞ்சள் பட்டை, சுவரில் கொட்டை எழுத்தில் 'எழுந்திருக்காதீர்கள், மணியை அழுத்துங்கள்' என்று அட்டை. இத்தனைக்கும் நடுவில்தான் அவர்கள் விழுவார்கள். ஆஸ்பத்திரியில் விழுவது வீட்டில் விழுவது மாதிரி இல்லை. கையில் குழாய், வயிற்றில் ரத்தம் உறையாமலிருக்க ஊசி, போன வாரம் தைத்த தையல். ஒரு தடவை விழுந்தால் அதற்குப் பிறகு பேச்சே வேறு.

இந்த ஆறு வருஷத்தில் ஒன்று தெரிந்துகொண்டேன். யாரும் சும்மா எழுந்திருப்பதில்லை. ஒருத்தி மாட்டில் பால் கறக்கப் போவாள், கணவன் தனியாகக் கஷ்டப்படுவான் என்று. ஒருவர் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரக் கிளம்புவார். மகளுக்கு அறுபது வயசு, பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாள். எல்லோரும் யாரையோ பார்க்கத்தான் இறங்குகிறார்கள். குறுக்கே நின்று தடுக்கிறவள் நான். எனக்கு ஐம்பத்தெட்டு வயசாகிறது. கல்யாணம் என்று ஒன்று நடந்தது, நாலு வருஷத்தில் சண்டைகூட இல்லாமல் முடிந்துபோனது. மார்லிஸ் வந்து நிற்பாள் என்று சொல்லிக்கொண்டு ஒருத்தரும் இதுவரை கட்டிலை விட்டு இறங்கியதில்லை. இதையெல்லாம் சொல்லிப் புலம்புகிற ஆள் இல்லை நான். ஆனால் ரெய்னோ 'ஹெல்மி வந்து நிப்பா' என்று சொன்ன குரலைக் கேட்டபோது உள்ளே ஒன்று எட்டிப் பார்த்தது. பொறாமைதான், வேறென்ன.

அது செவ்வாய்க்கிழமை. நவம்பர் கடைசி. ஏரி உறைவதற்குள் இரும்புத் தாதை ஏற்றிக்கொண்டு போய்விட வேண்டும் என்று கப்பல்கள் முண்டியடித்துக்கொண்டு வருகிற சமயம். காலை ஏழிலிருந்து மூன்று வரை என் முறை. அதற்குள் நாலு தடவை கப்பல் ஊதியது, நாலு தடவையும் ரெய்னோவின் கால் கம்பிக்கு மேல் வந்தது. மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது. முந்தின நாள் இருந்த சிட்டர் 'காரணமில்லாமல் திடீரென்று எழுகிறார்' என்று எழுதி வைத்திருந்தாள். அவள் ஊருக்குப் புதுசு. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கும் கப்பல் ஊதுவது காதில் விழுந்து பல வருஷம் ஆகிறது. கடிகாரம் அடிப்பதை வீட்டுக்காரர்கள் கேட்பதில்லை அல்லவா, அப்படி.

"கப்பல் ஊதுறப்பதான் எழுந்திருக்கார், கவனிச்சீங்களா?" என்று ஹெல்மி அம்மாளிடம் கேட்டேன்.

"மொத நாளே தெரியும்."

"ஏன் சொல்லல?"

அவள் ரொட்டித் துண்டை என் பக்கம் நீட்டினாள். வேண்டாம் என்றேன். மறுபடி நீட்டினாள். வேண்டவே வேண்டாம் என்றேன். மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டேன். எங்கள் பக்கத்து மரியாதை அது, முதல் தடவையிலேயே கை நீட்டுகிறவர்களை யாரும் நம்ப மாட்டார்கள்.

"சொன்னா மருந்து குடுத்துப் படுக்க வச்சிருவாங்களோன்னு பயந்தேன்" என்றாள் அவள். "எங்க தெருவுல ஒருத்தருக்கு அப்படித்தான் குடுத்தாங்க. அப்புறம் அவர் எழுந்திருக்கவே இல்ல."

முப்பத்தைந்து வருஷம் ரெய்னோ தாதுக் கப்பலில் வேலை பார்த்தவர். ஏரியில் பனி உடையும் மார்ச்சில் ஏறினால் ஜனவரியில்தான் வீட்டுக்கு வருவார். நடுவில் கப்பல் இங்கே வந்து தாது ஏற்றுகிற நாலு மணி, ஆறு மணி நேரம்தான் புருஷன் பெண்டாட்டிக்குக் கிடைக்கும். ஏரிக்கரையில் அடுத்த ஊரான டூ ஹார்பர்ஸிலிருந்து ஹெல்மி அம்மாள் பச்சை வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து கால்வாய் ஓரத்தில் நிறுத்திக் காத்திருப்பாளாம். கப்பல் கால்வாய்க்குள் நுழையும்போது தளத்தில் நிற்கிறவன் முகம் தெரிகிற அளவுக்குக் கிட்டத்தில் வரும்.

"அறுபத்தொம்பதுல ஒரு தடவை இந்த மனுஷன் என்ன செஞ்சார் தெரியுமா? கப்பல் தாதுத் துறையில கட்டக்கூட இல்ல, ஏணிய இறக்கறதுக்கு முன்னாடியே குதிச்சிட்டார். ஒரே பனி. கணுக்கால் போச்சு. அந்த நாலு மணி நேரமும் இதே மலைமேல, இதே ஆஸ்பத்திரிலதான் உக்காந்திருந்தோம்." அவள் சிரித்தாள். "அப்புறம் நான் ஒரு சட்டம் போட்டேன். கால்வாய்ல அவர் கப்பலப் பாத்ததும் வண்டி விளக்க மூணு தடவை அணைச்சு அணைச்சுப் போடுவேன். நான் வந்துட்டேன், எங்கயும் ஓடிற மாட்டேன், ஏணி இறக்குற வரைக்கும் நகராதேன்னு அர்த்தம். அதுக்கப்புறம் ஒரு தடவகூட குதிச்சதில்ல."

ரெய்னோ தூங்கிக்கொண்டிருந்தார். தூக்கத்தில் அவருடைய கை கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"அவ்வளவு ஆசையா அந்தக் காலத்து ஹெல்மியப் பாக்கப் போறார்" என்றாள் ஹெல்மி அம்மாள். "இருபத்தஞ்சு வயசுக்காரி. நீலத் தொப்பி போட்டுக்கிட்டு நிப்பா. எனக்கே அவ மேல கோவமா வருது, மார்லிஸ்."

அன்று மதியம் வார்டுத் தலைமை நர்ஸ் ட்வைலா வந்து நிலவரத்தைச் சொன்னாள். ட்வைலா நல்லதையும் கெட்டதையும் ஒரே குரலில் சொல்கிறவள். டூ ஹார்பர்ஸில் உடற்பயிற்சி கொடுத்து நடக்கப் பழக்கும் இல்லத்தில் ஒரு கட்டில் காலியாகிறது. வியாழன் மத்தியானம் பன்னிரண்டு வரை பிடித்து வைப்பார்கள். ஆனால் அங்கே ஒவ்வொரு நோயாளிக்கும் பக்கத்தில் ஆள் போட முடியாது. அதனால் இங்கிருந்து கிளம்புமுன் இருபத்துநாலு மணி நேரம் சிட்டர் இல்லாமல் இருந்து காட்ட வேண்டும். அலாரம் அடிக்கக் கூடாது, விழக் கூடாது, புத்தித் தெளிவு இன்னும் மோசமாகக் கூடாது. முடியாவிட்டால் அடுத்த காலிக் கட்டில் மேற்கே, மூன்று மணி நேரப் பயணத்தில்.

"டூ ஹார்பர்ஸ் இல்லம் எங்க வீட்டுலேர்ந்து நாலு தெரு" என்றாள் ஹெல்மி அம்மாள். "தடிய ஊனிக்கிட்டே போயிடுவேன். மூணு மணி நேரம்னா எப்படிப் போவேன்? கண்ணுல புரை. வண்டி ஓட்டக் கூடாதுன்னு லைசென்ஸ வாங்கிட்டாங்க. இங்க வர்றதுக்கே பக்கத்து வீட்டு வெர்னோட வண்டிலதான் வரேன், அதுவும் அவனுக்கு இங்க வேலை இருக்கறதால."

ட்வைலா சுவரில் தொங்கிய பலகையைப் பார்த்தாள். "நாளைக்குப் பதினோரு மணிக்கு மார்லிஸ வெளிய எடுத்துடறேன். பாப்போம்."

புதன்கிழமை பதினோரு மணிக்கு நான் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினேன். எதிர் அறையில் வயிற்று அறுவை முடிந்த ஒரு பெண்மணிக்குக் காவல். அவள் மருந்து மயக்கத்தில் நிம்மதியாகக் குறட்டை விட்டாள். இரண்டு அறைக் கதவுகளும் திறந்திருந்ததால் நடைக்கு அந்தப் பக்கம் ரெய்னோவின் கால்களும் ஹெல்மி அம்மாளின் தலையும் எனக்குத் தெரிந்தன. எங்கள் வேலையில் இது ஒரு வேடிக்கை. நாம் இல்லாமல் நடக்க வேண்டும் என்பதற்காகத்தான் நாம் இருக்கிறோம். வேண்டாதவளாகிவிட்டால் வேலை நன்றாக முடிந்தது என்று அர்த்தம்.

பதினொன்றரைக்குக் கப்பல் ஊதியது. எனக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்துவிட்டது. எதிரே மஞ்சள் காலுறை அசையவில்லை. பன்னிரண்டே காலுக்கு இன்னொன்று ஊதியது. அப்போதும் அசையவில்லை. நடையில் போன ட்வைலா எனக்குக் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனாள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. முப்பத்தைந்து வருஷத்துப் பழக்கம் ஒரே இரவில் போகாது. போனாலும் இப்படி விளக்கை அணைத்த மாதிரி போகாது.

ஒரு மணிக்கு டாக்டர் வந்தாள். எப்போதும் அவசரத்தில் இருக்கிற, கொண்டை போட்ட சின்னப் பெண். பெயர் என்ன, பிறந்த தேதி என்ன, இது என்ன இடம் என்று கேட்கிற குரல் நடை தாண்டி எனக்குக் கேட்டது. பதில் கேட்கவில்லை. மறுபடி கேட்டாள். ரெய்னோ ஏதோ முணுமுணுத்துவிட்டுச் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டுத் தட்டு மூடியைத் திறக்காமலே போனது. டாக்டரும் ட்வைலாவும் நடையில் நின்று பேசினார்கள். நேத்து பெயரைச் சொன்னார், இன்னைக்கு அதுவும் இல்லை, தலையை ஸ்கேன் எடுக்கணும், ரத்தக் கசிவோ என்னவோ. இது கீழிறக்கம், இந்த நிலைமையில் டூ ஹார்பர்ஸுக்கு அனுப்ப முடியாது. ட்வைலா தலையை ஆட்டினாள். உள்ளே ஹெல்மி அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஒன்றரைக்கு எனக்குப் பதினைந்து நிமிஷ இடைவேளை. மாற்று ஆள் வந்ததும் நான் காப்பிக்குப் போகாமல் எதிர் அறைக்குப் போனேன். போகக் கூடாது, தெரியும். இடைவேளையில் ஒருத்தரை நலம் விசாரிப்பதற்குச் சட்டம் எதுவும் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அறை அடுப்படி மாதிரி வெதுவெதுவென்று இருந்தது. ஹெல்மி அம்மாள் கோட்டைக் கழற்றி வைத்திருந்தாள், தொப்பியைக் கழற்றி வைத்திருந்தாள், இடது கைக் கம்பளி உறையையும் கழற்றி வைத்திருந்தாள். வலது கையில் மட்டும் உறை இருந்தது. அந்தக் கையை மூடி மடியில் வைத்திருந்தாள்.

ரெய்னோவின் அருகில் குனிந்து, "ரெய்னோ, எப்படி இருக்கீங்க?" என்றேன். கண்ணைத் திறந்து என் வாயையே பார்த்தார். பயந்துபோன பார்வை அது. காது கேட்பதற்கான மிஷின் காதில்தான் இருந்தது. நான் மிஷினைக் காதிலிருந்து எடுத்து அதன் குட்டி மூடியைத் திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.

ஹெல்மி அம்மாளைப் பார்த்தேன். அவள் உறையைக் கழற்றினாள். உள்ளங்கையில் இரண்டு பேட்டரிகள் இருந்தன, சட்டைப் பொத்தானில் பாதி அளவுக்கு.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். "என்ன காரியம் பண்ணிட்டீங்க? ரெண்டு மணி நேரமா அவருக்கு ஒண்ணும் கேக்கல. யாரோ யாரோ வந்து வாய அசைச்சிட்டுப் போறாங்க. நல்லா இருக்கற எனக்கே பைத்தியம் பிடிச்சிரும்."

"கேக்கலன்னாதான எழுந்திருக்க மாட்டார்?"

"தலைய ஸ்கேன் எடுக்கப் போறாங்க."

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்." அவள் பேட்டரிகளை உள்ளங்கையிலேயே உருட்டினாள். "வாயத் திறக்க வெக்கமா இருந்துச்சு. முப்பத்தஞ்சு வருஷம் அந்தக் கப்பலுக்குக் குடுத்தேன், மார்லிஸ். வருஷத்துக்கு ரெண்டு மாசம்தான் என் புருஷன். கரைக்கு வந்தப்புறம்தான் நாங்க சேந்து சாப்பிட்டோம், சேந்து சண்டை போட்டோம். இப்ப மூணு மணி நேரம் தள்ளிக் கொண்டுபோய் வச்சா, மறுபடி நான் எங்கயோ நின்னு காத்துக்கிட்டிருக்கணும். அப்பவாவது கப்பல் திரும்பி வரும்."

அவள் தோளில் கையை வைத்தேன். எனக்கு அந்த நிமிஷம் பேட்டரியோடு அந்த உள்ளங்கையை அப்படியே மூடிவிடலாம் என்றுகூடத் தோன்றியது, அது உண்மை. ஆனால் கட்டிலில் அந்த மனுஷர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களே போடுங்க" என்றேன். "போட்டுட்டு ட்வைலாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவள் கண் புரையோடு தடவித் தடவி இரண்டு பேட்டரியையும் போட்டு, மிஷின்களை அவர் காதில் வைத்தாள். நான் உதவவில்லை. அவர் முகம் மெல்ல இளகியது. பிறகு அவள் தடியை எடுத்துக்கொண்டு நர்ஸ்கள் உட்காரும் இடத்துக்குத் தானே நடந்து போனாள். ட்வைலா கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள். "இருபது வருஷமா இந்த வார்டுல இருக்கேன். தலையணையத் திருடினவங்க உண்டு, ரிமோட்டத் திருடினவங்க உண்டு. பேட்டரி இதான் மொத தடவை" என்றாள். அப்புறம், "அவருக்குப் பயத்தக் குறைக்கறதே அந்தக் காதும் கண்ணாடியும்தான். அதை எடுத்துட்டா அவர் இன்னும் ஆழத்துக்குப் போயிருவார். எதா இருந்தாலும் என்கிட்ட சொல்லுங்க. திட்டத்தான் திட்டுவேன்" என்றாள்.

டாக்டர் திரும்பி வந்தாள். ஸ்கேனை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துவிட்டு மறுபடியும் கேட்டாள். இந்தத் தடவை நடை தாண்டி எனக்கு எல்லாம் கேட்டது.

"பேர் சொல்லுங்க?"

"ரெய்னோ காங்காஸ்."

"இது என்ன இடம்?"

"ஆஸ்பத்திரி." கொஞ்சம் யோசனை. "சூப் அப்படித்தான் இருக்கு."

டாக்டர் சிரித்தாள். "இவங்க யாரு?"

ரெய்னோ ஹெல்மி அம்மாளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "தினமும் வர்ற அம்மா. நல்லவங்க. ரொட்டி கொண்டு வருவாங்க."

ஸ்கேன் வேண்டாம் என்றாள் டாக்டர். தெளிவு திரும்புகிறது, இது மெதுவாகத்தான் வரும் என்றாள். அலாரம் ஒரு தடவையும் அடிக்காததால் பதினோரு மணிக் கணக்கே தொடரும் என்றாள் ட்வைலா. எல்லாம் நல்ல செய்திதான். ஹெல்மி அம்மாள் ரொம்ப நன்றி, ரொம்ப நன்றி என்று அவர்களிடம் சொன்னாள். அவர்கள் போனதும் ரொட்டிப் பெட்டியின் மூடியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

இரண்டரைக்குக் கப்பல் ஊதியது.

நான் பாதி எழுந்துவிட்டேன். என் நோயாளி குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அவளை விட்டுப் போகக் கூடாது. போனாலும், அவரைத் தடுக்க அந்த அறைக்குள் நான் காலை வைத்தால் ரெய்னோவின் இருபத்துநாலு மணி நேரம் அங்கேயே முடிந்தது. எதிரே போர்வை விலகியது. மஞ்சள் காலுறை கம்பியைத் தேடி மேலே வந்தது. முதுகு எழும்பியது. இன்னும் கொஞ்சம் எழும்பினால் அலாரம் அடித்துவிடும். ஹெல்மி அம்மாள் அழைப்பு மணிக்குக் கையை நீட்டியதைப் பார்த்தேன். சுவர் அட்டை சொல்கிறபடி அதுதான் சரி. நீட்டிய கை பாதியில் நின்றது. அவள் தடியைக்கூட எடுக்காமல், கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, கதவோரம் வந்தாள். விளக்குச் சுவிட்சில் கையை வைத்தாள்.

அறை இருண்டது. வெளிச்சமானது. இருண்டது, வெளிச்சமானது. மூன்றாவது தடவையும் இருண்டு வெளிச்சமானபோது காலுறை கம்பியிலேயே நின்றிருந்தது.

ரெய்னோ கதவுப் பக்கம் பார்த்தார். அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வது? ஆறு வருஷமாக எத்தனையோ பேர் முகத்தை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். யாரும் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை.

"வந்துட்டியா" என்றார். காலை மெதுவாக எடுத்துப் படுக்கையில் வைத்துக்கொண்டார். "நான் நகர மாட்டேன். ஏணி இறக்கட்டும்."

ஹெல்மி அம்மாள் சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை. அவளுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஐந்து எட்டு இருக்கும். அவர் பார்ப்பது நீலத் தொப்பிக்காரியையா தன்னையா என்று அவளுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. கிட்டே போனால் அந்த முகம் அணைந்துவிடுமோ என்று பயந்து நின்றாள். பிறகு ஒரு எட்டு வைத்தாள்.

"மெதுவா வா, ஹெல்மி" என்றார் ரெய்னோ. "பனி வழுக்கும்."

மூன்று மணிக்கு நான் கிளம்பும்போது ட்வைலா ரெய்னோவின் அறைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். மருந்து நேரத்துக்குக் கீழே, காது மிஷின் எப்போதும் காதில் இருக்கட்டும் என்பதற்குக் கீழே, அதே அதிகார எழுத்தில்: 'கப்பல் ஊதினால் விளக்கை மூன்று முறை அணைத்துப் போடவும்.'

"நாலு மணிக்கு அவங்க போயிருவாங்களே. நம்ம ஆளுங்க போட்டா கேப்பாரா?" என்றேன்.

"எனக்கென்ன தெரியும்? எத்தன ஊதுமோ, அத்தன தடவையும் போடுவோம்." பேனாவை மூடினாள். "விழுந்தா உனக்குச் செய்தி அனுப்பறேன். விழலன்னா அனுப்ப மாட்டேன். போன பாத்துக்கிட்டே உக்காராத."

நேராக வீட்டுக்குப் போகிற வழி மலைமேல். நான் கடைக்குப் போய் வேண்டாத சாமான்கள் இரண்டு வாங்கினேன். பிறகு வண்டியைக் கீழே திருப்பினேன். ஐம்பத்தெட்டு வருஷம் இந்த ஊரில் இருந்துவிட்டு, கால்வாய் ஓரத்தில் கப்பல் பார்க்க நான் வந்ததே இல்லை. வெளியூர்க்காரர்கள் வருவார்கள், கப்பலில் ஆள் இருக்கிறவர்கள் வருவார்கள். எனக்குக் கப்பலில் யார் இருந்தார்கள்? வண்டி நிறுத்துமிடத்தில் உப்பும் பனியும் சேர்ந்து சேறாகக் கிடந்தது. வேறு வண்டி எதுவும் இல்லை. நாலேகாலுக்கே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. மலைமேலே ஆஸ்பத்திரிச் சன்னல்களில் விளக்கு எரிந்தது. எது ரெய்னோவின் சன்னல் என்று எண்ணிப் பார்த்து நடுவிலேயே தவறவிட்டேன். ஹெல்மி அம்மாளை ஏற்றிக்கொண்டு வெர்னின் வண்டி இந்நேரம் கரைச்சாலையில் டூ ஹார்பர்ஸ் நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். நாளைப் பதினோரு மணிக்கு இன்னும் பதினெட்டு மணி நேரத்துக்கும் மேலே இருந்தது. போன் பக்கத்து இருக்கையில் கிடந்தது.

பாலம் ஊதிற்று. ஏரியிலிருந்து ஒரு கப்பல் பதில் சொல்லிக்கொண்டே கால்வாய்க்குள் வந்தது. கிட்டத்தில் பார்த்தால் அது வந்துகொண்டே இருக்கிறது, முடியவே மாட்டேன் என்கிறது. அந்தச் சத்தம் மலைமேல் ஏறிப் போயிருக்கும். இந்நேரம் யாரோ ஒரு நர்ஸ் ஓடிப் போய்ச் சுவிட்சில் கையை வைத்திருப்பாள். போனைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

என்ன நினைத்துச் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கை தானாகப் போய் வண்டி விளக்கை அணைத்தது, போட்டது. மூன்று தடவை.

கப்பலின் நடுத்தளத்தில் ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒருவன் கம்பியோரம் நின்றுகொண்டிருந்தான். சின்ன வயசா பெரிய வயசா என்று தெரியவில்லை. அவன் கையைத் தலைக்கு மேலே தூக்கினான், இறக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தான். நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். ஒரு வண்டியும் இல்லை.